பூட்டிய பங்களாவுக்கு ஐந்து நட்சத்திரம்

நெல்லிக்கந்த தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினொரு பிள்ளைகள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் வந்து தூக்கிக்கொள்வார்கள். இடைப்பட்ட நேரமெல்லாம் அவை துஷ்யந்தியின் பொறுப்பு. பதினொன்றையும் ஒரே நேரத்தில் தூங்கவைப்பது தவளையைத் தராசில் நிறுப்பது மாதிரி. ஒன்றை வைத்தால் இன்னொன்று குதிக்கும். ஒன்பது வருடப் பழக்கத்தில் அவளுக்கு அந்த வித்தை கைவந்திருந்தது. டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மத்தியானம், பதினொன்றும் அடங்கி, சேலைத் தொட்டில்கள் ஆட்டம் நின்று, அவள் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கப்போன சமயம் பார்த்து, ஜன்னல் கம்பியில் தொங்கிய போன் அலறியது.

அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு ஜன்னலில் மட்டும்தான். அதனால் போனை ஒரு துணிப்பையில் போட்டு அங்கேயே தொங்கவிட்டிருப்பாள்.

"ஸ்கை வியூ பங்களாதானே? நாளைக்கு ரெண்டு ரூம் கிடைக்குமா?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"ராங் நம்பர் மஹத்தயா," என்று அவளும் சிங்களத்திலேயே சொல்லி வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினால் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன.

அடுத்த நாள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த நாள் ஐந்து பேர். நீச்சல் குளம் உண்டா, நாயைக் கூட்டிவரலாமா, காலைச் சாப்பாட்டுக்கு முட்டை கொடுப்பீர்களா. கடைசியில் கூப்பிட்ட பெண் ஆங்கிலத்தில் பேசினாள். துஷ்யந்திக்குத் தெரிந்த ஆங்கிலம் "நோ", "குளோஸ்", "பேபி ஸ்லீப்பிங்". மூன்றையும் சொன்னாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

மர்மத்தைக் கண்டுபிடித்தது த்ரீவீல் ஓட்டும் பவுல்தான். அவன் தன் போனில் மேப்பைத் திறந்து காட்டினான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு மேலே, உச்சியில் இருக்கும் பழைய பங்களாவின் படம்; பக்கத்தில் நீல நிறத்தில் இரண்டு பட்டன்.

"இதத் தொட்டா வழி காட்டும். இதத் தொட்டா போன் கோல் போகும். அமத்தவா அக்கா?"

அமத்தினான். ஜன்னலில் தொங்கிய போன் அடித்தது.

"அடப்பாவி, இது அஜந்தன் வேலடா!" என்றாள் துஷ்யந்தி.

அஜந்தன் அவள் கணவன் பிரதீபனின் தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பங்களாவில் காவல் வேலை பார்த்தான். பிறகு பங்களாக்காரர் வெளிநாடு போய்விட, பங்களாவைப் பூட்டிவிட்டு அவனும் பியகமவில் ஒரு கார்மண்ட் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அன்று சாயந்தரமே அவனைப் போனில் பிடித்தாள்.

"அண்ணி, கோவப்படாதீங்க. பங்களா மஹத்தயா மேப்ல போடச் சொன்னாரு. அது நம்பர் கேட்டுச்சு. என் போன் அப்ப தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. மனப்பாடமாத் தெரிஞ்சது ஒங்க நம்பர் ஒண்ணுதான்."

"சரி, இப்ப எடுத்துவிடு."

"பாஸ்வேர்ட் மறந்து போச்சு அண்ணி."

பங்களாக் கதவில் இரண்டு பூட்டு. பின்பக்கக் கூரையில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஆனால் மேப்பில் அது இருபத்திநான்கு மணி நேரமும் திறந்திருந்தது.

கூப்பிடுகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், கூப்பிடாமலே புறப்பட்டு வருகிறவர்கள்தான் பெரிய தலைவலி. மேப் அவர்களை ரக்வானை ரோட்டில் இருந்து அரச மரத்துச் சந்தியில் வலது பக்கம் திருப்பி, ஆற்றுக்கு மேலே இரும்புப் பாலத்தைத் தாண்டவைத்து, லயத்து வாசலில் கொண்டுவந்து விடும். அதற்கு மேலும் மேப்பில் கோடு போகிறது. நிலத்தில் போவது கான். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய, இடுப்பளவு ஆழமான வடிகால். அதன் மேல் கிடந்த பலகை எப்போதோ உளுத்துப் போனது. நோயாளி என்றாலும் பிள்ளைத்தாய்ச்சி என்றாலும் அந்தப் பக்கத்து லயத்துக்காரர்களைக் கானுக்கு இந்தப் பக்கம் தூக்கி வந்துதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

அதனால் துஷ்யந்தி ஒரு முடிவுக்கு வந்தாள். எப்படியும் போன் வரத்தான் போகிறது. பாதி வழியில் இருப்பவர்களையாவது திருப்பி அனுப்புவோம்.

"மொதல்ல அந்த மேப்ப மூடுங்க. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. அரச மரத்துக்கிட்டத் திரும்பாதீங்க, நேராப் போங்க. ஒரு கடை வரும், வாசல்ல வாழக்கொல தொங்கும். அங்கன ரோட்டு நடுவுல ஒரு செவல நாய் படுத்திருக்கும். ஹோர்ன் அடிச்சாலும் அது எந்திரிக்காது, நீங்கதான் சுத்திப் போகணும். அதத் தாண்டினா பெரிய ரோடு. அங்கன நல்ல ரூம் இருக்கு."

"எத்தனை மீட்டர் இருக்கும்மா?"

"மீட்டர் எனக்குத் தெரியாதுங்க. ஒரு பாட்டு கேட்டு முடியறதுக்குள்ள போயிரலாம்."

இரண்டு வாரம் கழித்து பவுல் ஓடி வந்தான்.

"அக்கா, ஒங்களப் பத்தி எழுதியிருக்காங்க!"

மேப்பில் பங்களாவுக்கு அடியில் யாரோ சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். பவுல் தமிழில் சொன்னான்: 'பங்களா பூட்டியிருக்கிறது. ஆனால் போனில் பேசும் அம்மா மிகத் திறமையானவர். நாய்கூட அவர் சொன்ன இடத்திலேயே படுத்திருந்தது. ஐந்து நட்சத்திரம்.' அதற்குக் கீழே இன்னும் ஆறு பேர். இரண்டு நட்சத்திரத்தில் கிடந்த பங்களா நாலரைக்கு ஏறியிருந்தது.

துஷ்யந்தி, "வேல வெட்டி இல்லாதவங்க," என்றாள். பவுல் போனதும், அவன் வாசித்ததை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் அவளைப் பற்றி யாராவது எழுதியது என்றால் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வரும் ஆட்கள் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகும் இரண்டு வார்த்தைதான்: 'தரை ஈரம்.'

நட்சத்திரம் கூடினால் கூட்டமும் கூடும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது ஜனவரி பிறந்துவிட்டது.

அது ஒரு சனிக்கிழமை. விடிந்ததில் இருந்து மழை, மூடுபனி. கொழுந்து காயவைக்கும் இயந்திரத்தில் ஏதோ உடைந்து இரண்டு நாளாக ஸ்டோர் நின்றிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வாடிய கொழுந்தெல்லாம் பாழாகிக்கொண்டிருந்தது. கொழும்பில் இருந்து புதுச்சாமான் வரவேண்டும். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை அந்தக் கவலையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

காலை எட்டு மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். மாவனெல்லையில் இருந்து பவாஸ் பேசுவதாகச் சொன்னார். குடும்பத்தோடு பங்களாவுக்கு வரலாமா என்று கேட்டார். மழையில் போன் கரகரவென்று இரைந்தது. துஷ்யந்தி தொண்டை கிழியக் கத்தினாள்:

"வராதீங்க! வராதீங்க!"

பத்தரை மணிக்கு ஒரு வெள்ளை வேன் பாலத்தைத் தாண்டி, லயத்து வாசலுக்கு வந்து, பின்சக்கரத்தைக் கானுக்குள் விட்டுக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. வேனுக்குள் ஒரு பெண் குரல், போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதாக ஆங்கிலத்தில் அறிவித்தது. வேன் நின்ற இடம் லயத்துக் கக்கூஸ் வாசல்.

தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு துஷ்யந்தி ஓடினாள். முன்னாலிருந்து கனமான ஒரு மனிதர் இறங்கினார்.

"தங்கச்சி, ஸ்கை வியூ பங்களா எங்க ஈக்கி?"

"நீங்கதானா காலையில பேசினது? நான்தான் வராதீங்கன்னு சொன்னேனே, பவாஸ் நானா!"

"நீங்க வாங்கன்டுதானே சென்ன? ரெண்டு தரம் சென்ன!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி மழையில் நின்றார்கள். வராதீங்க என்ற சொல்லின் நடு எழுத்துகளை மழை தின்றுவிட்டிருந்தது.

வேனுக்குள் பவாஸின் மனைவி ஸாஹிரா, பவாஸின் தங்கை ஸில்மியா, பெரிய பிள்ளைகள் மூன்று பேர், மூடி கட்டிய ஒரு பெரிய சோற்றுப் பானை. வேனைத் தூக்க ஆட்கள் வேண்டும். ஸ்டோர் ஓடாததால் ஆம்பிளைகள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். பிரதீபனும் கொடகவெலைக்குப் போயிருந்தான். பொம்பிளைகள் மலையில். மழையில் நிற்பவர்களை எங்கே உட்காரவைப்பது? கூரை ஒழுகாத இடம் லயத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"உள்ள வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க. சத்தம் போடாதீங்க," என்றாள்.

ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்காம்பரா பிள்ளைக்காம்பராவாக இல்லை. ஸில்மியா ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளாம். அவள் பதினொன்றையும் வட்டமாக உட்காரவைத்து, யானை நடப்பது எப்படி என்று நடந்து காட்டினாள். ஸாஹிரா அடுப்பைப் பிடித்துக்கொண்டு சோற்றைச் சூடாக்கினாள். "நாலு பேருக்கு மிச்சமாத்தான் ஆக்கினது, ஒங்கட புள்ளைகளும் தின்னட்டும்," என்று எல்லோருக்கும் போட்டாள். துஷ்யந்தி ரொட்டி தட்டி, தேங்காயும் காய்ந்த மிளகாயும் இடித்து வைத்தாள். பவாஸ் நான்கு ரொட்டி சாப்பிட்டார். கடையும் கணக்குமாக மூன்று மாதமாகச் சரியான உறக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளின் பாயில் சாய்ந்தார். சொல்லி முடிக்கவில்லை; குறட்டை வந்துவிட்டது. பாய் சின்னது. முழங்காலுக்குக் கீழே வாசலுக்கு வெளியில் இருந்தது.

அந்தக் கால்களைத் தாண்டிக்கொண்டுதான் பெரிய துரை உள்ளே வந்தார்.

யாரோ அவரிடம், பிள்ளைக்காம்பராவில் ஹோட்டல் நடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பானையைப் பார்த்தார். யானையாக நடந்துகொண்டிருந்த ஸில்மியாவைப் பார்த்தார். தொட்டிலில் கிடந்த கைப்பைகளைப் பார்த்தார்.

"துஷ்யந்தி, மே மொகக்த? என்ன இது? எவ்வளவு நாளா நடக்குது?"

"இல்லீங்க தொரை, இவங்க வழி தவறி..."

அப்போது போன் அடித்தது. துஷ்யந்தி எடுக்கப்போனாள். துரை முந்திக்கொண்டு பையோடு பிடுங்கினார்.

"யார் பேசறது? இங்க ரூம் எல்லாம் இல்ல! இது தோட்டம்!" என்று சிங்களத்தில் கத்தினார்.

"தோட்டத்துக்குத்தான் சேர் வர்றேன்," என்றது அந்தப் பக்கத்துக் குரல். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "லொறி டிரைவர் பேசறேன். ஸ்டோருக்கு மெஷின் சாமான் கொண்டு வர்றேன். ஒப்பிஸ் நம்பர் மேப்ல இல்ல. பக்கத்துல இந்த நம்பர்தான் இருக்கு."

துரையின் முகம் மாறியது. இரண்டு நாளாக அவர் காத்திருந்த லொறி.

"எங்க நிக்கிறீங்க?"

"பனி சேர். ஒண்ணும் தெரியல்ல."

"சரி, கேளுங்க. ஏழாம் நம்பர் மலைக்கு வடமேற்கால ஒரு நானூறு மீட்டர் வந்து, ஒன்பதாம் நம்பர் எல்லையில..."

"சேர், எனக்கு நம்பர் எல்லாம் வெளங்காது. இந்த நம்பர்ல ஒரு அம்மா நல்லா வழி சொல்லுவாங்கன்னு எழுதியிருக்கே. அவங்ககிட்டக் குடுங்களேன்."

பிள்ளைக்காம்பராவில் யாரும் சிரிக்கவில்லை. ஸாஹிரா மட்டும் அவசரமாகப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துரை போனை நீட்டினார்.

துஷ்யந்தி அதை மறுபடி ஜன்னல் கம்பியில் மாட்டினாள், இல்லாவிட்டால் சிக்னல் அறுந்துவிடும்.

"அண்ணே, அரச மரத்துல எந்தப் பக்கம் திரும்பினீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"வலது பக்கம். மேப் சொன்ன மாதிரி."

"இப்ப என்ன கேக்குது?"

"தண்ணிச் சத்தம்."

"பக்கத்துலயா, முன்னாலயா?"

"நேரா முன்னால."

முன்னால் ஆறு. இரும்புப் பாலம். வேன் போகும்போதே அது கிறீச்சிடும், லொறியைத் தாங்காது.

"பிரேக்கப் புடிங்க! ஒரு அடி எடுக்காதீங்க!"

"மேப் இன்னும் நூத்தம்பது மீட்டர் நேராப் போகச் சொல்லுதேம்மா."

"மேப்புக்கு நீச்சல் தெரியும் அண்ணே. ஒங்க லொறிக்குத் தெரியுமா?"

பிரேக் பிடிக்கும் சத்தம் போனில் வந்தது. உதவிக்கு வந்த ஆளை இறங்கிப் பார்க்கச் சொன்னார் டிரைவர். லொறிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "புத்து சரணய், புத்தர்தான் காப்பாத்தினாரு," என்று மெதுவாகச் சொன்னார். "முன்சக்கரத்துக்கு நாலடி தூரத்துல பாலம் இருக்கு."

துரை பிள்ளைகளுக்கான குட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

திருப்ப இடமில்லை, பின்னாலேயே போகவேண்டும். பனியில் டிரைவருக்கும் கண் தெரியவில்லை, இவளுக்கும் லொறி தெரியவில்லை. துஷ்யந்தி ஜன்னலுக்கு வெளியே காதைத் திருப்பினாள்.

"ஹோர்ன் அடிங்க."

லொறி ஹோர்ன் போனில் கேட்டது. அதே சத்தம் ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் இருந்தும் மெல்ல வந்தது. பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பதினொன்றும் அசையவில்லை. பவாஸின் குறட்டை மட்டும் கேட்டது. ஸில்மியா அவர் காலில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள், அதுவும் நின்றது.

"பின்னால வாங்க... இன்னும்... அடிங்க." சத்தம் இப்போது கோயில் பக்கம் இருந்து வந்தது. "ஒங்க இடது கைப்பக்கம் மதில் முட்டும், கொஞ்சம் தள்ளிக்கங்க. அடிங்க." சத்தம் மேலே ஏறியது. "நிப்பாட்டுங்க. உதவிக்கு வந்தவர எறங்கிப் பார்க்கச் சொல்லுங்க, அரச மரம் தெரியுதான்னு."

"தெரியுது அம்மா! தெரியுது!"

"அப்பிடின்னா இப்ப நேராப் போங்க. கடைக்கு முன்னால நாய் படுத்திருக்கும்."

"தெரியும். எழுதியிருந்தாங்க," என்றார் டிரைவர்.

கால் மணி நேரத்தில் ஸ்டோர் வாசலில் லொறி வந்து நின்றது. சாமானை இறக்குவதற்காகத் துரை ஆள்விட்டுக் கூப்பிட்டதில் எட்டு ஆம்பிளைகள் சேர்ந்தார்கள். இறக்கி முடித்த கையோடு அவர்களையே பலகையும் கயிறுமாக வேனுக்கும் அனுப்பினார். மூன்று மணிக்கு வேன் கானை விட்டு எழுந்தது. பவாஸ் குடும்பம் பதினொரு பிள்ளைகளுக்கும் கை காட்டிவிட்டுப் போனது. துரை போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்:

"திங்கக்கிழமை ஒப்பிஸுக்கு வா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க துஷ்யந்திக்கு அதே நினைப்புத்தான்.

"வேலைய விட்டு நிப்பாட்டிருவாரோ?" என்று பிரதீபனிடம் ஏழு தடவை கேட்டாள்.

"நிப்பாட்டினா பாப்போம்," என்று அவனும் ஏழு தடவை சொன்னான். அவன் ஆறுதல் சொல்லும் அளவே அவ்வளவுதான்.

திங்கட்கிழமை துரை அவளைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. கிளாக்கர் ரொபர்ட்டைக் கூப்பிட்டு, "இந்தப் பொம்பிளையின் நம்பரை எடுத்துவிட்டு, ஒப்பிஸ் நம்பரைப் போடுங்க. வழி கேட்கிறவங்களுக்கு நீங்களே சொல்லுங்க," என்றார். ரொபர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாள் மேப்போடு மல்லுக்கட்டி மாற்றிவிட்டார். ஜன்னல் போன் ஓய்ந்தது. துஷ்யந்தி இருமடங்கு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தாள்.

ரொபர்ட் வழி சொல்லத் தொடங்கினார். நல்ல மனிதர், ஆனால் இருபது வருடமாக வீட்டுக்கும் ஒப்பிஸுக்கும் நடுவிலேயே நடந்தவர். அவர் சொன்ன வழியில் வந்த ஒரு கார் பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவில் போய் நின்று, அதில் வந்தவர்களும் மாவிளக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்னொரு குடும்பம் பெரிய துரையின் பங்களாவுக்கே போய், வாசலில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, தலை முழுகிக்கொண்டிருந்த துரையிடம் ஜன்னல் வழியாகச் சாவி கேட்டது.

ஒன்பதாவது நாள் ரொபர்ட் குடையோடு பிள்ளைக்காம்பராவுக்கு ஏறி வந்தார்.

"துஷ்யந்தி, தொரை சொன்னாரு... அந்த நம்பர மறுபடியும்..."

"என்னாங்க கிளாக்கர் ஐயா?"

"ஒங்க நம்பரையே போட்டுருவோமேன்னு."

துஷ்யந்தி ஒரு பிள்ளைக்கு மூக்கைச் சிந்தி, துடைத்து, கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"போடுங்க. பூட்டின பங்களாவ எடுத்துட்டு, தோட்டத்துப் பேரப் போட்டு, வழி கேக்குற நம்பர்னு போடுங்க. பன்னெண்டரையில இருந்து ரெண்டு மணி வரைக்கும் மூடியிருக்கும்னும் போடணும். புள்ளைங்க தூங்குற நேரம்."

"அவ்வளவுதானே?"

"இன்னொண்ணு. கானுக்கு மேல கொங்கிரீட் சிலாப் போடணும். அது போட்டாத்தான் போன் எடுப்பேன்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

ரொபர்ட் குடையை விரிக்க மறந்து மழையிலேயே இறங்கிப் போனார். லயத்தில் எல்லோரும் துஷ்யந்திக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அந்தக் கானுக்காகப் பதினைந்து வருடம் கடுதாசி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் அவர்கள்.

நான்காம் நாள் சிமெண்டு வந்தது. துரையின் ஜன்னலில் இன்னும் எத்தனை பேர் சாவி கேட்டார்களோ, யாருக்கும் தெரியாது.

சிலாப் காய்ந்த வாரம், கடைசி லயத்து ஜீவராணி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு பவுலின் த்ரீவீலில் திரும்பி வந்தாள். வழக்கம்போலக் கானுக்கு இந்தப் பக்கம் இறங்கக் காலை எடுத்தவளைப் பவுல், "உக்காருங்க," என்று அதட்டிவிட்டு, சிலாப்பின் மேல் ஏற்றி, நேராக அவள் காம்பரா வாசல்படி முட்டும்வரை கொண்டுபோனான். அந்த வாசலுக்கு வந்த முதல் வண்டி. ஜீவராணியின் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றவள், தாய்க்கும் பிள்ளைக்கும் சுற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று த்ரீவீலுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

துஷ்யந்தி இடுப்பில் ஒரு பிள்ளையோடு போய், துணியை விலக்கிப் புதுப்பிள்ளையைப் பார்த்தாள். நல்ல கறுப்பு, நல்ல குரல்.

"எப்ப வேலைக்கு எறங்கப் போற?" என்று ஜீவராணியிடம் கேட்டாள்.

"மூணு மாசம் இருக்குதே அக்கா. ஏன்?"

"பன்னெண்டு ஆகப் போகுதுல்ல, தொட்டிலுக்குச் சேல ஒண்ணு தேடணும்," என்றாள் துஷ்யந்தி.